பெண்களின் இதய நலம்: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையும் கேட்க வேண்டியவையும்

உலக அளவில் பெண்களின் இறப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பவை இதய நோயும் ரத்தக்குழாய் நோய்களுமே. பெண்களிடையே நிகழும் இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவற்றால் நேர்கிறது. ஆயினும் இதய நோய் ஆண்களுக்கே உரியது என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. இதன் விளைவாக, ஒரு பெண்ணுக்கு ஏற்படும் மூச்சுத்திணறலும் அசதியும் நெஞ்சு இறுக்கமும் வாயுத்தொல்லை, வேலைப்பளு, மனக்கவலை, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொந்தரவு எனப் பல பெயர்களால் விளக்கப்பட்டு, உரிய பரிசோதனை தள்ளிப்போகிறது. முதலில் அவ்வாறு விளக்கிக்கொள்பவர் பெரும்பாலும் அப்பெண்ணாகவே இருக்கிறார்.

புறநோயாளிகள் பிரிவில் மருத்துவருடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் எவற்றைச் சொல்ல வேண்டும், எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லும் பெண்ணுக்குச் சரியான நோயறிதல் விரைவில் கிடைக்கும். அதற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கம்.

ஆலோசனைக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று திடீரெனத் தோன்றினால், மருத்துவரைச் சந்திக்கும் நாள் வரை காத்திருக்காமல் உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும்.

- நெஞ்சில் அழுத்தம், இறுக்கம், பாரம், எரிச்சல் அல்லது வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தல், அல்லது விட்டுவிட்டு வருதல்
- வலி தோள், கை, முதுகு, கழுத்து, தாடை அல்லது மேல்வயிற்றுக்குப் பரவுதல்
- ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறல். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேருதல்
- காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், மயக்கம்
- முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குளறுதல் (இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்)

மாரடைப்பின்போது இதயத்தசைக்கு ரத்தம் செல்லும் குழாய் அடைபடுகிறது. அடைப்பு நீங்கும் வரை தசை தொடர்ந்து அழிந்துகொண்டே இருக்கும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தும், அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையும் முதல் சில மணி நேரத்திற்குள் அளிக்கப்படும்போதே மிகுந்த பயன் தருகின்றன. ஆகவே சோடா, ஓமத்தண்ணீர், பெருங்காயம், வாயு மாத்திரை ஆகியவற்றை உட்கொண்டு பொறுத்துப் பார்ப்பதும், சமையலை முடித்துவிட்டுப் புறப்படலாம் என எண்ணுவதும், வீட்டு ஆண்கள் வரட்டும் எனக் காத்திருப்பதும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இரு சக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து செல்வதையும் தவிர்க்க வேண்டும். வழியில் மயக்கமோ இதயத்துடிப்பு நிற்பதோ நேர்ந்தால் உதவ அங்கு எவரும் இருக்கமாட்டார்.

பெண்களிடம் இதய நோய் எவ்வாறு வேறுபடுகிறது?

மாரடைப்பின்போது நெஞ்சில் ஏற்படும் வலி அல்லது அழுத்தமே ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான முதன்மை அறிகுறியாகும். பெண்களுக்கு இத்துடன் மூச்சு வாங்குதல், குமட்டல், முதுகுவலி, தாடைவலி, வழக்கத்திற்கு மாறான களைப்பு ஆகியவையும் சேர்ந்து வருவது ஆண்களைவிட அதிகம். சிலருக்கு நெஞ்சுவலி மிகக் குறைவாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கலாம். நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வலி உணரப்படாமலே மாரடைப்பு ஏற்படுவதும் உண்டு.

நோயின் தன்மையிலும் சில வேறுபாடுகள் உள்ளன. பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லாமல், இதயத்தசையினுள் செல்லும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சரிவர விரியாததால் நெஞ்சுவலி ஏற்படுவது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் திடீரெனக் கிழிசல் ஏற்பட்டு அதனால் வரும் மாரடைப்பு, இளவயதுப் பெண்களிடமும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் நிகழக்கூடியது. நெருங்கியவரின் மரணம் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் இதயத்தசை தற்காலிகமாக வலுவிழக்கும் நிலை பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கே ஏற்படுகிறது. இவை அனைத்தும் உண்மையான இதயப் பாதிப்புகளே. வெறும் பயத்தின் விளைவு எனக் கருதி ஒதுக்கத்தக்கவை அல்ல.

அறிகுறிகளைத் துல்லியமாகச் சொல்லும் முறை

"சில நாட்களாக முடியவில்லை, டாக்டர், ஒரே அசதி" என்று மட்டும் சொன்னால், அதற்குப் பொருந்தும் காரணங்கள் பல. "மூன்று வாரங்களாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இருக்கிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் சரியாகிறது, முன்பு இப்படி இருந்ததில்லை" என்று சொன்னால், மருத்துவரின் கவனம் உடனே இதயத்தின்பால் திரும்பும். இரண்டையும் சொல்பவர் ஒருவரே, உடல்நிலையும் ஒன்றே. சொல்லும் விதம் மட்டுமே வேறு.

ஒவ்வோர் அறிகுறியைப் பற்றியும் கீழ்க்காணும் ஆறு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1. எப்போது தொடங்கியது? எத்தனை நாட்களாக அல்லது வாரங்களாக உள்ளது?
2. எந்த இடத்தில் உள்ளது? வேறு இடத்திற்குப் பரவுகிறதா?
3. எப்படி இருக்கிறது? அழுத்தமா, எரிச்சலா, குத்தலா, படபடப்பா?
4. எதைச் செய்தால் வருகிறது? தண்ணீர்க் குடம் தூக்கும்போதா, வேகமாக நடக்கும்போதா, உணவு உண்டபின்னா, கோபம் அல்லது துயரத்தின்போதா?
5. எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதனால் குறைகிறது?
6. முன்பு எளிதாகச் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை?

ஆறாவது செய்தி மிகவும் முக்கியமானது. முன்பு பேருந்து நிறுத்தத்திற்கு ஒரே மூச்சில் நடந்தவர் இப்போது இடையில் இருமுறை நிற்கிறார் என்பது, அறிகுறியின் கடுமையை மருத்துவர் மதிப்பிடத் துணைபுரியும். பல பெண்கள் களைப்புக்கு ஏற்பத் தம் வேலையைத் தாமே குறைத்துக்கொள்வதால், நோய் முற்றுவது அவர்களுக்கே தெரியாமல் போகிறது.

மருத்துவரிடம் சொல்லும்போது நோய்க்குப் பெயர் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. "வாயுக்கோளாறு" என்று தொடங்கினால் உரையாடல் வயிற்றைச் சுற்றியே அமைந்துவிடக்கூடும். உணர்ந்ததை உணர்ந்தவாறே சொல்லி, காரணத்தைக் கண்டறியும் பணியை மருத்துவரிடம் விட வேண்டும்.

கேட்கப்படாவிட்டாலும் சொல்ல வேண்டிய பேறுகால வரலாறு

கர்ப்பகாலம் இதயத்திற்கும் ரத்தக்குழாய்களுக்கும் ஒரு கடுமையான சோதனைக் காலமாகும். அப்போது உடலில் ஓடும் ரத்தத்தின் அளவும் இதயத்தின் வேலையும் பெரிதும் கூடுகின்றன. அக்காலத்தில் தோன்றிய சில சிக்கல்கள் பிரசவத்துடன் மறைந்துவிட்டதாகத் தெரிந்தாலும், பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பை அவை உயர்த்துகின்றன.

- கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறியிருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ, பிற்காலத்தில் இதய நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது.
- கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்களுக்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மிக அதிகம். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்த பரிசோதனையின் முடிவு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்ததா என்பதைத் தாய்சேய் நல அட்டையில் பார்க்கலாம்.
- 37 வாரங்களுக்கு முன்பே குழந்தை பிறந்திருத்தல், குழந்தை மிகக் குறைந்த எடையுடன் பிறந்திருத்தல், தொடர் கருச்சிதைவு ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

நாற்பது அல்லது ஐம்பது வயதில் நெஞ்சு இறுக்கத்துடன் வரும் பெண்ணிடம் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பிரசவத்தைப் பற்றி ஒவ்வொரு மருத்துவரும் கேட்பார் எனச் சொல்ல முடியாது. ஆகவே "என் இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கு ரத்த அழுத்தம் மிகவும் அதிகமாக இருந்தது" என்பதை நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். கர்ப்பகால நீரிழிவு இருந்தவர்கள் பிரசவத்திற்கு 6 வாரங்களுக்குப் பின் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வதும், அதன்பின் ஆண்டுதோறும் தொடர்வதும் நல்லது.

அண்மையில் பிரசவித்த தாய்மார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்திற்குப் பின் ஐந்து மாதங்கள் வரையிலான காலத்தில் இதயத்தசை வலுவிழக்கும் நோய் சிலருக்கு ஏற்படுகிறது. படுத்தால் மூச்சு முட்டுதல், இரவில் இருமல், கால் வீக்கம், சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல் ஆகியவற்றைப் பிள்ளை பெற்ற உடம்பின் சோர்வு எனக் கருதிவிடக் கூடாது. அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

தெரிவிக்க வேண்டிய பிற செய்திகள்

*மாதவிடாய் நின்ற வயது.* 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றிருந்தால், அது இயல்பாக நின்றதாயினும் சூலகங்கள் அகற்றப்பட்டதால் நின்றதாயினும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், சூலகங்களும் அகற்றப்பட்டனவா என்பதை மருத்துவமனைச் சீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

*பிற நோய்கள்.* சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், லூபஸ், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவை இதயத்துடன் தொடர்புடையவை. மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்பட்ட சில மருந்துகளும், இடப்புற மார்பில் அளிக்கப்பட்ட கதிர்வீச்சும் ஆண்டுகள் கழிந்தபின்னும் இதயத்தைப் பாதிக்கலாம்.

*சிறுவயதுக் காய்ச்சல்.* தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கி வலித்த காய்ச்சல், மாதந்தோறும் அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டது ஆகியவை நினைவிருந்தால் தவறாமல் சொல்ல வேண்டும். அவை வாதக்காய்ச்சலால் இதய வால்வுகள் பாதிக்கப்பட்டதைக் குறிக்கலாம். நம் நாட்டில் வால்வு சுருக்கம் பல பெண்களுக்கு முதல் கர்ப்பத்தின்போதுதான் வெளிப்படுகிறது.

*குடும்ப வரலாறு.* தந்தை அல்லது உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன்போ, தாய் அல்லது உடன்பிறந்த பெண்ணுக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு ஏற்பட்டிருந்தால் அது கணக்கில் கொள்ளப்படும்.

*பழக்கங்களும் சூழலும்.* வெற்றிலையுடன் புகையிலை மெல்லுதல், வீட்டில் பிறர் புகைத்தல், விறகடுப்புப் புகை, ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் வழி சேரும் உப்பு, உறக்கக் குறைவு, இரவுப்பணி ஆகியவற்றைத் தயங்காமல் சொல்லலாம். மருத்துவர் கேட்பது குறைகூறுவதற்காக அன்று. எதிலிருந்து தொடங்கலாம் என முடிவு செய்வதற்காகவே.

*மனநிலை.* நீண்ட நாள் மனச்சோர்வு, வீட்டில் வன்முறை, பராமரிப்புச் சுமை ஆகியவை இதய நலத்தைப் பாதிக்கின்றன. இவற்றைச் சொல்வதால் உடல் அறிகுறிகள் புறக்கணிக்கப்படலாம் என அஞ்சினால், முதலில் உடல் அறிகுறிகளை முழுமையாகச் சொல்லிவிட்டுப் பின்னர் இவற்றைக் கூறலாம்.

அறிந்துகொள்ள வேண்டிய எண்கள்

ஒவ்வொரு பெண்ணும் தம் உடல்நிலை குறித்த பின்வரும் அளவுகளை அறிந்திருக்க வேண்டும்.

- ரத்த அழுத்தம்: மருத்துவமனையில் வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தமாகும்.
- வெறும் வயிற்றுச் சர்க்கரை: 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பது நீரிழிவைக் குறிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதும் அவ்வாறே.
- கொழுப்பு: நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். அளவு பெண்களுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது விரும்பத்தக்கதன்று. எல்.டி.எல். அளவு எவ்வளவு இருக்கலாம் என்பது ஒவ்வொருவரின் பிற நோய்களைப் பொறுத்து வேறுபடும். ஆகவே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
- இடுப்புச் சுற்றளவு: தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருப்பது கவனத்திற்குரியது.
- ஹீமோகுளோபின்: கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகையாகும். ரத்தசோகையும் மூச்சு வாங்குதலையும் படபடப்பையும் உண்டாக்கும். எனினும் ரத்தசோகை இருப்பதாலேயே இதய நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ரத்த அழுத்தம் அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரத்திற்குள் காபி, தேநீர் அருந்தியிருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். விரைந்து நடந்து வந்த உடனே அளந்தால் அதைச் செவிலியரிடம் சொல்லி மீண்டும் ஒருமுறை அளக்கக் கேட்கலாம்.

பரிசோதனைகள் குறித்து

ஈ.சி.ஜி. எடுக்கும்போது மேலாடையைத் தளர்த்தி, மார்பின் மீதும் இடது மார்பகத்தின் கீழும் மின்முனைகளைப் பொருத்த வேண்டியுள்ளது. இதற்குக் கூச்சப்பட்டுப் பரிசோதனையையே மறுத்துவிடும் பெண்கள் உள்ளனர். பெண் செவிலியர் அல்லது பெண் பணியாளர் எடுக்க வேண்டும் என்றும், திரை போட வேண்டும் என்றும் கேட்பதில் தவறு ஏதும் இல்லை. வலியோ மின்னதிர்ச்சியோ இராது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என உறுதி கூற முடியாது. அறிகுறிகள் தொடர்ந்தால் சிறிது நேர இடைவெளியில் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். இதயத்தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்னும் புரதத்தை அளக்கும் பரிசோதனையும் செய்யப்படலாம். எக்கோ பரிசோதனை இதயத்தசையின் வலுவையும் வால்வுகளின் நிலையையும் காட்டும். ஆஞ்சியோகிராம் பெரிய ரத்தக்குழாய்களின் அடைப்பைக் காட்டும். நுண்ணிய குழாய்களின் பழுது அதில் தெரியாது. எனவே ஆஞ்சியோகிராம் இயல்பாக இருந்தும் வலி தொடருமானால், "வேறு காரணம் இருக்கலாமா, அதற்குச் சிகிச்சை உண்டா" எனக் கேட்க வேண்டும்.

மருந்துகள் குறித்து

உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அவற்றின் அட்டைகளுடன் எடுத்துச் செல்ல வேண்டும். வலி மாத்திரைகள், சித்த, ஆயுர்வேத மருந்துகள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கியவை, மாதவிடாயைத் தள்ளிப்போட உட்கொள்ளும் மாத்திரைகள், கருத்தடை மாத்திரைகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். சில வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை உயர்த்தும். இரு ஹார்மோன்கள் கலந்த கருத்தடை மாத்திரைகள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. வேறு பாதுகாப்பான கருத்தடை முறைகள் உள்ளன.

கருவுறும் வாய்ப்பு உள்ள பெண்கள் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மருந்துகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிப்பவை. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் உட்கொள்ளும் வார்ஃபரின் மருந்தும் கருவைப் பாதிக்கக்கூடியது. அதே சமயம் அதனைத் தாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே நடைபெற வேண்டும்.

வால்வு நோய் உள்ள இளம்பெண்களின் குடும்பத்தினர், திருமணம் தடைப்படும் என அஞ்சி நோயை மறைப்பதும், திருமணத்திற்குப் பின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வதும் உண்டு. நோய் தெரியாத வீட்டில் கருவுறும் பெண்ணுக்கு, மூச்சுத்திணறல் வரும் வரை எவரும் துணை நிற்க இயலாது. திருமணத்திற்கு முன்பே இதய மருத்துவரிடம் சென்று, கருத்தரிக்கலாமா, எப்போது கருத்தரிக்கலாம், அதற்கு முன் வால்வைச் சீர்செய்ய வேண்டுமா எனக் கேட்டறிவதே அவரைக் காக்கும் வழியாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அனைத்தையும் ஒரே நாளில் கேட்க இயலாமற் போகலாம். தமக்கு மிகவும் தேவையான மூன்றைத் தாளில் எழுதிச் சென்று, உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

- இந்த அறிகுறிக்கு இதயம் காரணமாக இருக்கலாமா? இல்லையெனில் எதனால் அவ்வாறு கருதுகிறீர்கள்?
- எனக்கு ஈ.சி.ஜி. அல்லது எக்கோ தேவையா?
- என் வயது, பேறுகால வரலாறு, குடும்ப வரலாறு ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் எனக்கு இதய நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு?
- என் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் எந்த அளவில் இருக்க வேண்டும்?
- இந்த மாத்திரை எதற்காக? எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும்? எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும்?
- நான் நடக்கலாமா, பாரம் தூக்கலாமா, விரதம் இருக்கலாமா?
- தாம்பத்திய உறவில் ஈடுபடலாமா? மீண்டும் கருத்தரிக்கலாமா?
- மீண்டும் எப்போது வர வேண்டும்? அதற்குள் எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

சொன்னது கவனிக்கப்படவில்லை எனத் தோன்றினால்

அறிகுறிகளைச் சொன்ன பின்னும் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்ற பதிலே கிடைத்து, மனம் அமைதியடையாமல் இருந்தால், மரியாதையுடன் மீண்டும் கேட்கலாம். "டாக்டர், நடக்கும்போது மட்டும் இந்த இறுக்கம் வருகிறது. என் அம்மாவுக்கு அறுபது வயதில் மாரடைப்பு வந்தது. இதயத்தை ஒருமுறை பரிசோதித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும்" என்பது போதுமானது. அறிகுறி தொடர்ந்தாலோ கூடினாலோ மீண்டும் செல்ல வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தையும் பெறலாம். ஏற்கெனவே ஒருமுறை சென்று வந்துவிட்டோம் என்பது, இரண்டாம் முறை செல்லாமல் இருப்பதற்குக் காரணமாகாது.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நன்மை பயக்கும். மருத்துவர் சொல்வதை அவர் குறித்துக்கொள்ளலாம். ஆயினும் நோயாளிக்காக அவரே பேசிவிடக் கூடாது. கருச்சிதைவு, கருத்தடை, வீட்டுச் சூழல் போன்றவற்றைத் தனியே பேச விரும்பினால், "சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும்" எனச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் எங்கே தொடங்கலாம்?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பரிசோதிக்கப்படுகின்றன. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு வீட்டிற்கே மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. வீட்டிற்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் அறிகுறிகளைச் சொல்லலாம்.

2023 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு எனச் சந்தேகிக்கப்படும் நிலையில் முதல் தவணையாக அளிக்கப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. இவை மேல்சிகிச்சைக்குச் செல்லும் வரை உதவுபவை. மேல்சிகிச்சைக்கு மாற்று ஆகா. மருந்து ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மாத்திரை பெறும்போதே சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய சிகிச்சைகள் பலவும் அடங்கும். சிகிச்சைக்குச் செல்லும்போது காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 எண்ணையும் அழைக்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

- பழைய புறநோயாளிகள் சீட்டுகள், ஈ.சி.ஜி. மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகள்
- தாய்சேய் நல அட்டை, பிரசவத்தின்போது தரப்பட்ட மருத்துவமனைச் சீட்டு
- மருந்து அட்டைகள் அனைத்தும்
- அறிகுறிகள் வந்த நாளும் நேரமும் எழுதிய தாள்
- கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஈ.சி.ஜி. தாளில் அச்சான கோடுகள் நாளடைவில் மங்கிவிடக்கூடும். ஆகவே நகல் எடுத்து வைப்பதோ கைப்பேசியில் படம் எடுத்து வைப்பதோ பயன்தரும். புதிய ஈ.சி.ஜி.யைப் பழையதுடன் ஒப்பிட்டே பல வேளைகளில் மருத்துவர் முடிவு செய்வார்.

நினைவில் கொள்க

பெண்களுக்கும் மாரடைப்பு வரும், இளவயதிலும் வரும். நெஞ்சில் அழுத்தத்துடன் மூச்சுத்திணறல், குமட்டல், முதுகுவலி, மிகுந்த களைப்பு ஆகியவையும் அறிகுறிகளாகலாம். உணர்ந்ததைக் காலம், இடம், காரணம் ஆகியவற்றுடன் சொல்லுங்கள். பேறுகாலத்தில் நேர்ந்த சிக்கல்களைக் கேட்காமலே தெரிவியுங்கள். "இதற்கு இதயம் காரணமாக இருக்கலாமா?" என்ற கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான நலத் தகவல்களே. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் மாற்றாக மாட்டா.